கேப்டனுக்கு முட்டி வலி

எங்கள் பஸ் டெப்போவின் கால்பந்து அணிக்குப் பதினாறு வருடம் மேனேஜராக இருந்தவரை நாங்கள் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் சொல்லும் ஒரே வார்த்தை அது. எதிரணி கோல் போட்டால் "நிதானம், நிதானம்". நாங்கள் போட்டாலும் அதேதான். ஒருமுறை நல்ல மழையில் இருபத்திரண்டு பேரும் சறுக்கி விழுந்துகொண்டிருந்தபோது அவரும் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே "நிதானம்" என்றார். அன்றிலிருந்து பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் அங்கே டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதுவது என் வேலை. என் ஜன்னலை ஒட்டித்தான் அறிவிப்புப் பலகை. ஆட்டத்துக்கான பட்டியலை அவர் அதில்தான் குத்துவார். இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியை அவர் ஓய்வுபெற்ற பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். சொல்லும்போது ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் டயர் செக்‌ஷனில் மேஸ்திரி. கழற்றிப் போட்ட டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டிரைவர் வளைவுல பிரேக்க மிதிக்கிறான்" என்று சொல்லிவிடுவார். தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கும். சிறுவயதில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். சுமாரான ஆள் என்று அவரே ஒப்புக்கொள்வார். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போனபோது, அந்தப் பொறுப்பை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள் இவர்தான் என்பதால் இவர் தலையில் கட்டினார்கள். ஆனால் டயரைப் பார்க்கிற கண்ணால் ஆளையும் பார்த்தார். யார் களைத்திருக்கிறான், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பதெல்லாம் ஓட்டத்தைப் பார்த்தே அவருக்குப் புரியும்.

கேப்டன் அவருடைய மச்சினன். அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எலக்ட்ரிகல் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அணிக்குள் வந்தான், மூன்றாம் வருடம் கேப்டன். டெப்போக்களுக்கு இடையிலான கோப்பையை நாங்கள் நான்கு முறை வாங்கினோம் என்றால், நான்கும் அவன் காலால் வாங்கியது. மைதானத்தை ஒட்டிச் சாலை போகிறது. கேப்டன் ஃப்ரீ கிக் அடிக்கப் பந்தை வைத்தால், அந்தப் பக்கம் போகிற எங்கள் டிரைவர்கள் பஸ்ஸை ஓரங்கட்டிவிடுவார்கள். பயணிகளும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் அக்காவே அவனைக் "கேப்டன்" என்றுதான் கூப்பிட்டாள்.

அவனுக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்த வருடம்.

அந்த வருடம் அவன் ஓட்டத்தில் ஏதோ மாறியிருந்தது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை, மேனேஜருக்குத் தெரிந்தது. பந்து வந்த பிறகுதான் திரும்பினான். முன்பெல்லாம் வருவதற்கு முன்பே திரும்பியிருப்பான். அதைவிட மோசம், மற்ற பத்துப் பேரும் பந்து கிடைத்தவுடன் அவனைத் தேடினார்கள். வலதுபக்கம் ஆடிய கண்டக்டர் ஒருவன் இருந்தான், இருபத்து மூன்று வயது, குதிரை மாதிரி ஓடுவான். கோலுக்கு முன்னால் தனியாக நின்றால்கூட, நின்று, திரும்பி, கேப்டன் எங்கே என்று பார்த்துக் கொடுத்தான். கொடுக்காவிட்டால் கேப்டன் கையை விரித்து அவனை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்கு எல்லோருக்கும் பயம்.

காலிறுதியில் எப்படியோ தப்பித்தோம். அன்று இடைவேளையில் மேனேஜர், "மாப்ள, நீ கொஞ்சம் பின்னாடி வந்து ஆடு. கண்டக்டர் முன்னாடி போகட்டும்" என்றார். கேப்டன் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தான்.

"மாமா, நீங்க டயருக்குக் காத்து அடிங்க. ஆட்டத்த நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னான். மேனேஜரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் என்னிடம் முதலில் சொன்னதே இதைத்தான்: "நான் அவனை நீக்கணும்னு அதுக்கு முன்னாடியே நெனச்சேனா, அதுக்கு அப்புறம்தான் நெனச்சேனா? சத்தியமா எனக்குத் தெரியல. முன்னாடியேன்னு சொல்லிக்கத்தான் ஆசை."

அரையிறுதிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவர் டயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு யோசித்தார். கேப்டன் இல்லாமல் தோற்றால் டெப்போவே காறித் துப்பும். ஜெயித்தால் கேப்டனின் கதை முடிந்தது. கோல் காக்கிற டிரைவருக்குக் 'கதவு' என்று பட்டப்பெயர். சாத்தியிருக்கிற நாளில் ஈ நுழையாது, திறந்துகொண்ட நாளில் ஊர்வலமே நுழையும். அவன் கேப்டனின் உயிர் நண்பன். அவன் முறுக்கிக்கொண்டால் பாதி அணி அவன் பின்னால் போய்விடும். கிளை மேலாளரே கேப்டனின் ரசிகர். இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். வீடு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? தம்பியை உட்கார வைத்துவிட்டு, அக்கா போடுகிற சாப்பாட்டை எந்த முகத்தோடு சாப்பிடுவது?

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை கேப்டன் அக்கா வீட்டுக்கு வந்தான். மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அவனே கேட்டான்.

"நாளைக்கு எப்படி மாமா ஆடப் போறோம்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வார்த்தைகூடத் தயாராக இருந்தது. 'மாப்ள, நாளைக்கு நீ இல்ல.' நான்கே வார்த்தை.

"பாத்துக்கலாம்" என்றார்.

"அவருக்கென்ன அக்கா, நிதானம்!" என்று கேப்டன் சிரித்தான். அக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு நிதானம் என் ஜன்னலுக்கு வந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. பட்டியலைப் பலகையில் குத்தினார். ஒரு குண்டூசி போதும். அவர் நான்கு குத்தினார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கேப்டன் பேரு விட்டுப்போச்சு" என்றேன்.

"விட்டுப்போகல" என்றார். சொல்லிவிட்டு டயர் செக்‌ஷன் பக்கம் போகாமல் பணிமனைக்குள் விறுவிறுவென்று நடந்தார். பஸ்ஸின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு அங்கே வரிசையாக ஐந்து குழிகள் உண்டு. மூன்றாம் குழிக்கு மேல் ஒரு பஸ் நின்றிருந்தது. அதற்குள் அவர் இறங்குவதைப் பார்த்தேன். டயர்க்காரருக்குக் குழிக்குள் என்ன வேலை என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு புரிந்தது. எனக்கே முகம் சுருங்கிவிட்டது.

ஏழு மணிக்குக் கேப்டன் வந்தான். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். பட்டியலின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே போனான். மறுபடி மேலே வந்து, இன்னொரு முறை கீழே போனான். கடைசியில் விரல் மட்டும் காகிதத்திலேயே இருந்தது.

என் பக்கம் திரும்பி, "மாமா எங்க?" என்றான்.

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை, ஆனால் கையை நீட்டி மூன்றாம் குழியைக் காட்டினேன். கேப்டன் தானாக ஊகித்து வந்தான் என்றுதான் மேனேஜர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

குழிக்குள் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். காலடிச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த விளக்கை அணைத்திருக்கிறார். பஸ்ஸுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. அது யாருடைய ஷூ என்று அவருக்குத் தெரியும். போன வருடம் அக்காவும் அவரும் சேர்ந்து போய் வாங்கிக் கொடுத்தது.

"மாமா" என்று மேலே இருந்து குரல் வந்தது.

கிரீஸ் படிந்த சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஐம்பத்து மூன்று வயது ஆள், நாற்பது பேரை வேலை வாங்குகிறவர், மூச்சுவிடும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். ஷூக்கள் அசையாமல் நின்றன. கோபமாகக் கத்தியிருந்தால்கூட வெளியே வந்திருப்பேன் என்றார். அவன் கத்தவில்லை. இரண்டாம் முறை கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஷூக்கள் திரும்பிப் போய்விட்டன.

ஆட்டம் நான்கு மணிக்கு. உடை மாற்றுகிற அறையில் ஒருவரும் ஜெர்சியைத் தொடவில்லை. கதவு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, காரணம் சொல்லுங்க. கேப்டன் இல்லாம நாங்க இறங்க மாட்டோம்."

காரணத்தை ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வயது, வேகம், கண்டக்டர் முன்னால் போக வேண்டிய அவசியம். எல்லாம் உண்மை. ஆனால் அத்தனை பேரின் கண்ணும் ஒன்றாக அவர் மேல் விழுந்ததும் வேறொன்று வாயில் வந்தது.

"முட்டி" என்றார். "முட்டி வலிப்பா அவனுக்கு. நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். மாமா, என்னால முடியல, பசங்ககிட்ட சொல்லாதீங்க, மனசு உடைஞ்சு போயிடும்னான். நான் இப்ப வாக்கு மீறிச் சொல்லிட்டேன்."

கதவின் கைகள் கீழே இறங்கின. "எங்ககிட்ட மறைச்சிட்டானே பாவி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எந்த முட்டிண்ணே?"

"வலது" என்றார் மேனேஜர். அதுவும் தயங்காமல் வந்தது.

கேப்டனுக்காக ஆடுகிறோம் என்று அன்று எல்லோரும் பேய் மாதிரி ஆடினார்கள். பந்தைக் கொடுக்கக் கேப்டன் இல்லாததால் கண்டக்டர் தானே அடித்தான், இரண்டு கோல். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கிளை மேலாளர் இறங்கி வந்து நிதானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எப்படிய்யா இவ்வளவு தைரியம் வந்துச்சு உனக்கு?" என்றார். அவர் தைரியம் என்ற வார்த்தையைக் கேட்டுத் தரையைப் பார்த்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கதவுதான், "இப்படியே நேரா கேப்டன் வீட்டுக்குப் போறோம். முட்டி எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்று கிளம்பினான். மொத்த அணியும் கிளம்பியது. வேண்டாம், அவன் தூங்குவான், மருந்து சாப்பிட்டிருப்பான் என்று மேனேஜர் சொன்னதெல்லாம் யார் காதிலும் விழவில்லை. தோளில் கைபோட்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன்.

கேப்டனின் வீடு இரண்டாம் மாடி. படியேறும்போது மேனேஜர் ஒவ்வொரு படியாக நின்று நின்று வந்தார். வாசல் கதவைத் திறந்தது கேப்டனின் மனைவி. பின்னால், கூடத்தில், நிதானத்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே தம்பி வந்து சொல்லிவிட்டுப் போக, பின்னாலேயே ஓடி வந்தவள். கேப்டன் ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் தரையில், ஒரு குறையும் இல்லாமல்.

பதினான்கு பேர் வியர்வை நாற்றத்தோடு அந்தச் சின்னக் கூடத்துக்குள் அடைந்தோம். கதவுதான் முன்னால் போய் மண்டியிட்டு, "ஏன்டா மறைச்ச? முட்டி வலின்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றான்.

கேப்டனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, எல்லோருக்கும் பின்னால் வாசற்படியில் நின்ற மாமாவின் முகத்தில் அவன் பார்வை நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவும் அவரைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அவர் கதை கந்தலாகிவிடும்.

கேப்டன் செய்தித்தாளை மடித்து வைத்தான். பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து, மெதுவாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

"இப்பப் பரவாயில்லடா" என்றான்.

இடது கால்.

"வலதுன்னு சொன்னாரே அண்ணன்?" என்றான் கதவு.

"ரெண்டும்தான். இது கொஞ்சம் அதிகம்" என்றான் கேப்டன். பிறகு ஆட்டம் எப்படிப் போனது, யார் கோல் போட்டது என்று விசாரித்தான். கண்டக்டரைக் கூப்பிட்டுத் தலையில் தட்டினான். அவன் சிரித்தபோதெல்லாம் மேனேஜர் செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது மனைவி பஸ் நிறுத்தம்வரை அவருக்கு முன்னால் நடந்தாள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அங்கேதான் சொன்னாள்.

"காலைல வந்தான். அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஏன்க்கா, நான் மாமாகிட்ட அப்படி என்ன தப்பா நடந்துக்கிட்டேன்னு கேக்கறான்."

"நான் சொல்லணும்னுதான்..."

"எந்த முட்டின்னாவது அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கலாம்ல?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பஸ் வந்ததும் முன்பக்கம் ஏறி, பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அந்த நாட்களில் கேப்டன் டெப்போவுக்குள் நொண்டிக்கொண்டே நடந்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மனுஷன் எவ்வளவு பாடுபட முடியும் என்று அப்போதுதான் பார்த்தேன். ஏணியில் ஏறி பல்பு மாட்டுகிற வேலையை அவனுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். பாத்ரூமுக்குக்கூட ஒருவன் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். கதவு தினமும் சாயங்காலம் எண்ணெய் பாட்டிலோடு அவன் வீட்டுக்குப் போய், நன்றாக இருந்த முட்டியை அரைமணி நேரம் தேய்த்தான். ஒருநாள் மதியம் கேப்டன் மறந்துபோய் கால் மாற்றி நொண்டினான். கேன்டீனில் ஒருவர் கேட்டேவிட்டார். "வலி இடம் மாறிடுச்சுண்ணே, டிரான்ஸ்பர்" என்றான் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜையில் இருந்த நிதானம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

யார் கேட்டாலும், "ஃபைனலுக்குள்ள சரியாயிடுமா கேப்டன்?" என்ற கேள்விக்கு மட்டும் அவன் ஒரே பதில் வைத்திருந்தான். "மாமாவைக் கேளுங்க."

அதில்தான் அவர் ஒவ்வொரு நாளும் கூனிக் குறுகினார். இல்லாத வலியைச் சொல்லி ஒரு ஆட்டத்திலிருந்து நீக்கியாயிற்று. இப்போது அதே வலி இறுதி ஆட்டத்தையும் அவனிடமிருந்து பிடுங்கப் போகிறது. அவன் ஏன் என்று கேட்கக்கூட வழியில்லாமல் செய்தாயிற்று.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, பயிற்சி முடிந்து எல்லோரும் புல்லில் உட்கார்ந்திருந்தபோது, அவர் நடுவில் வந்து நின்றார். கேப்டன் முழங்காலில் பட்டைத்துணி சுற்றிக்கொண்டு பெஞ்சில் இருந்தான்.

"அவனுக்கு முட்டி வலி இல்ல" என்றார். "அவன் என்கிட்ட எதுவும் சொல்லல. நான்தான் அவனை டீம்லேருந்து எடுத்தேன். அதைச் சொல்லத் தைரியம் இல்லாம உங்ககிட்ட பொய் சொன்னேன். அவன்கிட்ட அதுகூடச் சொல்லல. ஒளிஞ்சிக்கிட்டேன்."

கதவுதான் முதலில் எழுந்தான்.

"அப்ப நான் ஏழு நாளா எதைத் தேச்சேன்?" என்றான். வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவன் தன் கையுறைகளை எடுத்துக்கொண்டு போனான். பின்னால் இரண்டு பேர் போனார்கள். எல்லோரையும்விட அதிகமாக நொறுங்கியது கண்டக்டர்தான். "அப்ப அன்னைக்கு நான் போட்ட கோல்... அவர் இடத்துல நின்னு போட்டதா?" என்று கேட்டுவிட்டு யார் பதிலுக்கும் நிற்காமல் போய்விட்டான்.

கேப்டன் முழங்காலில் இருந்த துணியை அவிழ்த்தான். அதை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் வந்தான். அவனுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இத யாரு உங்களைக் கேட்டா? பத்து வயசு கொறைஞ்சவன்லாம் என்னைப் பரிதாபமாப் பாத்தான், தாங்கிக்கிட்டேன். எதுக்கு? நாளைக்கு எங்கக்கா இந்த டெப்போ வாசல்ல தலை நிமிந்து நடக்கணும்னு. இப்ப அதையும் கெடுத்துட்டீங்க."

"மாப்ள, என்னால தூங்க முடியல."

"அப்ப இது எனக்காகச் சொல்லல. உங்க தூக்கத்துக்காகச் சொன்னீங்க."

மேனேஜர் குனிந்து புல்லில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டார்.

கேப்டன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். "என்னை எடுத்தது தப்புன்னு நான் சொல்லவே இல்ல மாமா. என் கால் எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் குழிக்கு மேல நின்னு கூப்பிட்டேன் பாருங்க. 'ஆமாடா, எடுத்துட்டேன், போடா'ன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும்."

இறுதி ஆட்டத்துக்குக் கதவு வந்தான். கேப்டன் போய்ப் பேசிக் கூட்டி வந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். கேப்டனும் ஜெர்சி போட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஆனால் ஒருவனும் மேனேஜரின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான். கண்டக்டர் பந்து வந்தால் பழையபடி நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். இந்த முறை அங்கே யாருமே இல்லை. அறுபதாவது நிமிடத்தில் பெனால்ட்டியில் ஒரு கோல் வாங்கினோம்.

மொத்தக் கூட்டமும் "கேப்டன், கேப்டன்" என்று கத்தியது. சாலையில் பஸ்கள் நின்றுவிட்டன. கிளை மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நிதானத்தைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருந்தது. அவர் பெஞ்சுக்கு வந்தார்.

"இறங்கறியா மாப்ள?"

"என்னை ஏன் கேக்கறீங்க? மேனேஜர் நீங்களா நானா? இறக்கணும்னா இறக்குங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

நான் பெஞ்சுக்குப் பின்னால்தான் நின்றேன். அவனை இறக்கிவிட்டால் தோற்றாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பட்ட கடனுக்கு வட்டி கட்டின மாதிரியும் இருக்கும். ஆனால் எதிரணியின் நடு ஆட்டக்காரர்கள் மூன்று பேரும் ஓடி ஓடி ஆடுகிறவர்கள். கேப்டன் இறங்கினால் அந்த இடம் திறந்துகொள்ளும் என்று அவர் கண் சொன்னது.

"வேணாம்" என்றார். "உனக்கு இப்ப அந்த ஓட்டம் இல்ல. உக்காரு."

கேப்டன் அவரையே பார்த்தான். பிறகு மேலே மாட்டியிருந்த பயிற்சிச் சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

கூட்டம் அவர் மேல் தண்ணீர் பாட்டில்களை எறிந்தது. ஒன்று காதோரம் பட்டு இரத்தம் வந்தது. அவர் கையை வைத்து மறைக்கக்கூட இல்லை. அடுத்த வாரம் டயர் செக்‌ஷன் சுவரில் யாரோ சாக்பீஸால் 'குழிக்குள் மேனேஜர்' என்று எழுதி வைத்தார்கள். அவர் அதை அழிக்கவில்லை. மழைதான் அழித்தது. மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட கிளை மேலாளர் மூன்று வாரம் ஆள் தேடினார். கிடைக்கவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேப்டன் அதன்பின் டெப்போ அணிக்கு ஆடவில்லை. அக்கா வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினான். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத் தம்பி வீட்டுக்குப் போய் வந்தாள். போகும்போதும் வந்த பிறகும் கணவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்து வைத்துவிட்டுப் போவாள். அவர் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார். அப்படி ஐந்து மாதம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோதுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது. கேப்டன் டீ வாங்கி வந்து ஒரு கப்பை நீட்டினான். "சக்கரை கம்மி" என்றான். அதுதான் முதல் பேச்சு. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பேசினார்கள், பந்தைத் தவிர.

மேனேஜராக இருந்த மீதி வருடங்களில் அவரிடம் ஒரு வழக்கம் வந்தது. யாரை நீக்குவதாக இருந்தாலும் முந்தின நாள் மாலை அவன் வீட்டுக்கே போய், உட்காராமல், நேருக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவார். காரணத்தையும் சொல்வார். கெஞ்சினாலும் மாற்ற மாட்டார். போகப் போக, அவர் தெருவில் வருவதைப் பார்த்தாலே ஆட்டக்காரர்களின் வீட்டில் கலவரமாகிவிடும். ஒருமுறை அவர் வேறு வேலையாகக் கதவின் தெருப்பக்கம் போக, மாடியிலிருந்து பார்த்த அவன் மனைவி, "ஏங்க, உங்களைத் தூக்கிட்டாரு" என்று உள்ளே ஓடினாளாம்.

ஓய்வுபெற்று இரண்டு வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். இதையெல்லாம் அப்போதுதான் சொன்னார். நான் ஆறுதலுக்காக, "கேப்டனை எடுத்தது சரிதானேண்ணே? அவனே ஒத்துக்கிட்டானே" என்றேன்.

"சரிதான்" என்றார். "அதுதான் கஷ்டம். தப்பா இருந்திருந்தா கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். சரியானதையே செஞ்சிட்டு, திருடன் மாதிரி செஞ்சேன். அதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது? என்னன்னு சொல்லிக் கேக்கறது?"

உள்ளே போன் அடித்தது. அவர் மனைவி எடுத்துப் பேசினாள். தம்பிதான் என்று அவள் குரலிலேயே தெரிந்தது. சொட்டு மருந்து விட்டாச்சு, ஆமா, காலையில் ஒரு தடவை விட்டாச்சு என்றாள். பிறகு வெளியே வந்து போனை அவரிடம் நீட்டினாள்.

"உங்ககிட்ட பேசணுமாம். பழைய ஆளுங்க ஆடற மேட்ச் ஏதோ ஞாயித்துக்கிழமை இருக்காம்."

அவர் அதை உடனே வாங்கவில்லை. உள்ளங்கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கி, "சொல்லு மாப்ள" என்றார்.